மூச்சு முன்னே, ஆசனம் பின்னே!

"மூச்சு விடக்கூட நேரமில்லை!" நம்மில் எத்தனை பேர் தினமும் இதைச் சொல்கிறோம்! அடுப்பில் குக்கர், கையில் டிபன் டப்பா, வாசலில் பால்காரர், உள்ளே "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" என்று ஒரு குரல். இந்த நேரத்தில் யாராவது "உட்கார்ந்து கொஞ்சம் நிதானமாக மூச்சு விடுங்கள்" என்று சொன்னால் நமக்குக் கோபம்தான் வரும்.

ஆனால் சகோதரிகளே, ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? நம் பேச்சிலேயே மூச்சை வைத்து எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள். கவலை வந்தால் பெருமூச்சு. வேலையை நிறுத்தாமல் முடித்தால் ஒரே மூச்சு. பிள்ளையின் பெருமையை ஓயாமல் பேசினால் மூச்சுக்கு முந்நூறு தடவை. பயந்து ஒடுங்கினால் மூச்சுக் காட்டாமல் இருப்பது. மனசு எப்படியோ மூச்சும் அப்படித்தான் என்பதை நம் பாட்டிமார்கள் எந்தப் புத்தகமும் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மூச்சு எப்படியோ, மனசும் அப்படி! மனசைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் மூச்சைக் கொஞ்சம் நிதானப்படுத்த முடியும். யோகக் கலை பிடித்துக்கொண்ட நூல் இதுதான். புதிதாக யோகாசனம் கற்க ஆரம்பிக்கிறவர்கள் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான்.

காலைப் பார்க்கிறோம், மூச்சைப் பார்ப்பதில்லை

ஐ.நா. சபை 2014 டிசம்பரில் அறிவித்ததன் பேரில், 2015-லிருந்து ஆண்டுதோறும் ஜூன் 21-ம் தேதி உலக யோகா தினமாகக் கொண்டாடப்படுகிறது. அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் யோகா வகுப்புதான். கல்யாண மண்டபத்தில், பூங்காவில், மொட்டை மாடியில், கைபேசியில். நல்ல விஷயம். ஆனால் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கவலைதான். "தலை முழங்காலைத் தொடுதா?" "விரல் தரையில் படுதா?" "பக்கத்து வீட்டுக்காரி என்னைவிட நன்றாக வளைகிறாளே!" மூச்சு என்ன பாடுபடுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

என் பெரிய அக்காவின் அனுபவத்தைச் சொல்கிறேன். அக்காவுக்கு 54 வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அத்தான் காலமானார். அதற்குப் பிறகு அக்காவுக்குத் தூக்கமே இல்லை. நள்ளிரவில் எழுந்து கட்டிலில் உட்கார்ந்துவிடுவாள். நெஞ்சில் யாரோ கல்லை வைத்தாற்போல மூச்சு அடைக்கிறது என்பாள். டாக்டர் பார்த்தார், இதயத்தில் கோளாறு இல்லை என்றார். ஆனால் பி.பி. ஏறியிருந்தது. மாத்திரை கொடுத்தார். "நடங்கள், மெதுவான யோகா செய்யுங்கள்" என்றும் சொன்னார்.

அக்கா தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வகுப்பில் சேர்ந்தாள். பெரிய கூட்டம். பி.பி. இருக்கிறதா, வேறு வியாதி இருக்கிறதா என்று யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் நாளே வேகவேகமாக வயிற்றை உதறி மூச்சை வெளியே தள்ளுகிற கபாலபாதி. "இன்னும் வேகமா! இன்னும் வேகமா!" என்று மேடையிலிருந்து ஒரு சத்தம். மூன்றாம் நாள் அக்காவுக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப் போய், தலை சுற்றி, அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம் போனில் சொன்னாள்: "எனக்கும் யோகாவுக்கும் ஒத்து வராதுடி. இனிமே என்னைக் கூப்பிடாதே."

அக்காவுக்கு ஒத்து வராதது யோகா இல்லை, சகோதரிகளே. அந்த வேகம். ஏன் என்று பார்ப்போம்.

அரை லிட்டர் கணக்கு

என் பெண் பிளஸ் டூவில் உயிரியல் படித்தபோது, அவள் புத்தகத்தை நானும் எடுத்துப் படிப்பதுண்டு. அதில் இருந்த ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. நாம் சும்மா இருக்கும்போது ஒரு மூச்சில் சுமார் 500 மி.லி. காற்றை இழுக்கிறோம். அதாவது ஓர் அரை லிட்டர் பால் பாக்கெட் அளவு. ஆனால் அது முழுவதும் ரத்தத்துக்குப் பயன்படுவதில்லை. சுமார் 150 மி.லி. மூக்கு, தொண்டை, மூச்சுக் குழாய்களிலேயே நின்றுவிடும். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தங்கியிருக்கும் இல்லையா, அந்த மாதிரி.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு நிமிஷத்துக்கு 12 தடவை, 500 மி.லி. வீதம் நிதானமாக மூச்சு விட்டால் மொத்தம் 6 லிட்டர். குழாயில் நின்றது 1,800 மி.லி. போக, நுரையீரலின் உள்ளறைக்குப் போனது 4,200 மி.லி. அதே 6 லிட்டரை அவசரமாக, நிமிஷத்துக்கு 20 தடவை, 300 மி.லி. வீதம் மேலோட்டமாக இழுத்தால்? குழாயில் நிற்பது 3,000. உள்ளே போவதும் 3,000 மட்டுமே! காற்று ஒன்றுதான், ஆனால் பலன் எவ்வளவு குறைந்துவிட்டது பாருங்கள். "இவ்வளவு மூச்சு வாங்கியும் போதலையே" என்று நமக்குத் தோன்றுவது இதனால்தான்.

சரி, வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் அக்காவுக்கு நேர்ந்தது நேரும். தேவைக்கு மேல் வேகமாக மூச்சை வெளியே தள்ளினால், ரத்தத்தில் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றும், விரல்கள் மரக்கும். கபாலபாதி கெட்டது என்று நான் சொல்லவில்லை. அது பழகினவர்களுக்கு, பக்கத்தில் ஆசிரியர் இருக்கும்போது. அரிச்சுவடி படிக்காத குழந்தையிடம் இலக்கணத்தைக் கொடுக்கலாமா?

பாவாடை நாடாவும் வயிற்று மூச்சும்

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்று ஒரு தசை குடை மாதிரிக் கவிந்திருக்கிறது. மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்கும், அதனால் வயிறு மெதுவாக வெளியே எழும்பும். மூச்சை விடும்போது அது மேலே ஏறும், வயிறு உள்ளே அடங்கும். தூங்குகிற குழந்தையைப் பாருங்கள், வயிறு அழகாக ஏறி இறங்கும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நாம் பெரியவர்களானதும் என்ன செய்கிறோம்? பாவாடை நாடாவை இடுப்பில் அச்சுப் பதிகிற அளவுக்கு இறுக்கிக் கட்டுகிறோம். தொப்பை தெரியக்கூடாது என்று வயிற்றை எக்கிக்கொண்டே நிற்கிறோம். அடுப்பு மேடையின் முன் கூன் போட்டு வேலை செய்கிறோம். பாவம், உதரவிதானம் எங்கே இறங்கும்? மூச்சு நெஞ்சின் மேல்பாகத்திலேயே நின்றுவிடுகிறது. தோளும் கழுத்தும் வலிக்க இதுவும் ஒரு காரணம். யோகா செய்யும்போதாவது தளர்வான சுடிதாரோ நைட்டியோ போட்டுக்கொள்ளுங்கள். புடவைதான் பழக்கம் என்றால் நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள்.

இன்னொன்று. மூச்சு எப்போதும் மூக்கு வழியாகவே. மூக்கு காற்றின் தூசியை வடிகட்டுகிறது, சூட்டைச் சரி செய்கிறது, ஈரப்படுத்தி அனுப்புகிறது. வாய்க்கு அந்த வேலை அவ்வளவு வராது.

பெரியவர்கள் போட்ட வரிசை

நம் முன்னோர் ஒரு நாளுக்கு 21,600 மூச்சு என்று கணக்கு வைத்தார்கள். நிமிஷத்துக்கு 15 என்று பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்று இன்றைய மருத்துவம் சொல்லுகிற அளவுக்குள்தான் அதுவும் இருக்கிறது.

பதஞ்சலி முனிவர் சொன்ன எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது, பிராணாயாமம் நான்காவது. நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இந்த எட்டையும் விளக்கியிருக்கிறார். இழுப்பது பூரகம், நிறுத்துவது கும்பகம், விடுவது ரேசகம். இந்தப் பெயர்களைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கும்பகம் வேண்டவே வேண்டாம். இழுப்பதும் விடுவதும் போதும்.

"பிராணாயாமம் நான்காவதாகத்தானே வருகிறது? அப்புறம் ஏன் மூச்சு முன்னே என்கிறீர்கள்?" என்று கேட்கலாம். பிராணாயாமம் என்பது தனிப் பயிற்சி. அதற்கு ஆசனம் கைவந்திருக்க வேண்டும். நான் சொல்வது ஆசனத்துக்கு உள்ளேயே இருக்க வேண்டிய மூச்சை. மைசூரில் பலருக்கு யோகம் கற்பித்து, 1952-ல் சென்னைக்கு வந்து, 1989-ல் நூறு வயதில் மறைந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் இதை மிகவும் வற்புறுத்தினவர். உடம்பின் ஒவ்வோர் அசைவும் ஒரு மூச்சோடு சேர்ந்து நடக்க வேண்டும், பயிற்சியும் அவரவர் வயதுக்கும் உடல்நிலைக்கும் தகுந்தாற்போல் இருக்க வேண்டும் என்பது அவர் வழி. அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கி அந்த வழியைத் தொடர்ந்தார்.

விஞ்ஞானிகளும் இதைச் சும்மா விடவில்லை. 2001-ல் இத்தாலி நாட்டு டாக்டர் லூச்சியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 23 பேரைச் சோதித்தார்கள். ஜெபமாலை ஜெபம் சொன்னபோதும் சரி, யோக மந்திரம் சொன்னபோதும் சரி, மூச்சு தானாகவே நிமிஷத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. ரத்த ஓட்டத்திலும் இதயத் துடிப்பிலும் நல்ல ஒழுங்கு தெரிந்தது. எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் மூச்சுக்கு ஒரே கணக்குதான் போலிருக்கிறது!

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடி பாருங்கள். மூச்சை இழுக்கும்போது நாடி சற்றே விரையும், நிதானமாக விடும்போது சற்றே தணியும். இளம் வயதினருக்கு இது நன்றாகத் தெரியும், வயதாக ஆக அவ்வளவு தெரியாது. அதனால்தான் மனசு படபடக்கும்போது "நல்லா இழு, இழு" என்று சொல்வதைவிட "மெதுவா விடு" என்று சொல்வது நல்லது.

தம் பிடிக்காதீர்கள்!

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற டிரில் டீச்சர் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். நானும் இன்னும் நாலு பேரும் அவரிடம்தான் கற்றுக்கொள்கிறோம். அவர் சொல்லும் முதல் பாடம்: "தம் பிடிக்காதீங்கம்மா!"

நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது "ம்ம்" என்று மூச்சை அடக்கிக்கொள்கிறோம் இல்லையா? கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போதும் அப்படித்தான். அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஆசனத்திலும் குனிய முடியாமல் தம் பிடித்துக் குனிந்தால் அதேதான் நடக்கும். பி.பி. உள்ளவர்களுக்கு இது ஆபத்து.

சுலபமான விதி ஒன்று உண்டு. குனியும்போது, மடங்கும்போது, திரும்பும்போது மூச்சை விடுங்கள். நிமிரும்போது, கையைத் தூக்கும்போது, நெஞ்சை விரிக்கும்போது மூச்சை இழுங்கள். காரணம் எளிது. குனிந்தால் வயிறு அமுங்கி உதரவிதானத்தை மேலே தள்ளும், காற்று தானே வெளியேறப் பார்க்கும். கையைத் தூக்கினால் விலா விரியும், காற்றுக்கு இடம் கிடைக்கும். உடம்பு போகிற பக்கம் மூச்சை விட்டால் சண்டையே இல்லை.

மூச்சு நின்றாலோ, இரைத்தாலோ, வாய் திறந்தாலோ, அன்றைக்கு அந்த ஆசனத்தில் உங்கள் எல்லை அதுதான். விரல் தரையைத் தொடாவிட்டால் குடி முழுகிப் போகாது. ஒரு படி பின்னால் வாருங்கள்.

முதல் மாதப் பயிற்சி

சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அதனால் விடிகாலைதான் வசதி. ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஊதுபத்திப் புகை வேண்டாம். ஒரு ஜமுக்காளம் போதும்.

1. மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். ஒரு கை வயிற்றில், ஒரு கை நெஞ்சில். மூச்சை இழுக்கும்போது வயிற்றுக் கை மேலே எழ வேண்டும், நெஞ்சுக் கை அதிகம் அசையக்கூடாது. பத்து மூச்சு. முதல் வாரம் இது மட்டுமே போதும்.

2. இரண்டாம் வாரம், எண்ணிக்கை. மனசுக்குள் மூன்று எண்ணி இழுங்கள், நான்கு எண்ணி விடுங்கள். பழகப் பழக நான்குக்கு ஆறு. முக்கித் திணறி எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம்.

3. மூன்றாம் வாரம், அசைவு. படுத்தபடியே இழுத்துக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே கொண்டுபோங்கள், விட்டுக்கொண்டு இறக்குங்கள். மூச்சு முதலில் தொடங்கட்டும், கை பின்னால் போகட்டும். கை நின்ற பிறகு மூச்சு முடியட்டும். ஆறு தடவை.

4. நான்காம் வாரம், பூனை மாதிரி. கையையும் முழங்காலையும் ஊன்றி நில்லுங்கள். மூச்சை விட்டுக்கொண்டு முதுகை மேலே வளையுங்கள், இழுத்துக்கொண்டு முதுகைத் தாழ்த்தி நெஞ்சை விரியுங்கள். ஆறு தடவை. முழங்கால் வலி இருந்தால் அடியில் ஒரு தலையணை, அல்லது நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம்.

5. கடைசியில் எப்போதும் ஐந்து நிமிஷம் சவாசனம். அவசரத்தில் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மொத்தம் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

இவர்கள் கவனிக்கவும்

பி.பி., இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கண்ணில் அழுத்த நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். கபாலபாதி, பஸ்திரிகை, கும்பகம் ஆகியவை இவர்களுக்குக் கூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களும் ஆசிரியர் இல்லாமல் செய்ய வேண்டாம். மயக்கமோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே நிறுத்தி டாக்டரிடம் போங்கள். வகுப்பில் சேரும்போது, உங்கள் உடல்நிலையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

அக்காவை ஆறு மாதம் கழித்து என்னோடு வந்து தங்கச் சொன்னேன். டாக்டரின் சம்மதத்தோடு டீச்சரம்மாவிடம் கூட்டிப் போனேன். "மூச்சு விடறதுக்குப் போய் ஒரு வாத்தியாராடி? பொறந்ததிலேர்ந்து அதைத்தானே பண்றேன்!" என்றாள். டீச்சரம்மா கபாலபாதி பேச்சையே எடுக்கவில்லை. பி.பி. எவ்வளவு, என்ன மாத்திரை, எப்போது தூங்குகிறீர்கள் என்று விசாரித்தார். இரண்டு வாரம் படுக்க வைத்து வயிற்றில் கையை வைத்துக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான். ஐந்தாறு நாளில் ஒரு காலை, படுத்தபடியே அக்கா அழுதுவிட்டாள். "அழுதால் அழட்டும்மா, மூச்சு மட்டும் நிக்க வேண்டாம்" என்று டீச்சரம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இன்றைக்கும் அக்கா பி.பி. மாத்திரை சாப்பிடுகிறாள். யோகா செய்கிறோம் என்று அதை நிறுத்தக்கூடாது, டாக்டர் சொன்னால்தான் மாற்ற வேண்டும். ஆனால் இரவில் ஐந்து மணி நேரம் தூங்குகிறாள். நள்ளிரவில் விழிப்பு வந்தால் எழுந்து உட்காருவதில்லை, கையை வயிற்றில் வைத்துக்கொண்டு எண்ணுகிறாள். போன வாரம் போனில் சொன்னாள்: "அவர் ஞாபகம் வருது, அழுகையும் வருது. ஆனா முன்னே மாதிரி மூச்சு முட்டலைடி."

சகோதரிகளே, இதற்குச் செலவு எதுவும் இல்லை. பாய் கூட வாங்க வேண்டாம். நாளைக் காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அது பொங்குவதற்குள் நின்ற இடத்திலேயே தோளைத் தளர்த்தி ஆறு தடவை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டுப் பாருங்கள். பால் மீது ஒரு கண் இருக்கட்டும்!